டோபாஸ் மாப்பிள்ளை

அருள்செல்விக்கு யாரையும் சுலபத்தில் நம்பிப் பழக்கமில்லை. மீன்காரன் ஒரு பக்கத்துச் செவுளைத் திறந்து காட்டினால் மறுபக்கத்தையும் திறக்கச் சொல்வாள். அவளுக்குப் பிள்ளைக்காம்பராவில் ஆயா வேலை. தாய்மார் ரப்பர் பால்வெட்டப் போகும்போது விட்டுவிட்டுப் போகிற குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள வேண்டும். ஒரு பிள்ளை பசியில் அழுகிறதா, பாசாங்கில் அழுகிறதா என்பதை வாசலில் நின்றபடியே சொல்லிவிடுவாள். இப்படிப்பட்டவளுக்கு மருமகனாக வர இருந்தவன் ஒரு கப்பல்காரன்.

தெரணியகலைக்கு மேலே இருக்கிற அந்த ரப்பர் தோட்டத்தில், தலவிலக் கோயில் திருநாளுக்குப் போனபோது கடலைப் பார்த்தவர்கள் உண்டு. கப்பலில் ஏறினவர் ஒருவருமில்லை. அதனால் ரெஜினோல்ட் பெண் பார்க்க வந்த அன்றைக்கு லயத்து வரிசை வீடுகளில் பாதிப்பேர் வாசலில் நின்றார்கள். கேகாலைப் பக்கத்துத் தோட்டப் பையன்தான். ஆனால் அவனைச் சுற்றி உப்புக்காற்று அடிக்கிறதா என்று பார்ப்பதுபோல் பார்த்தார்கள். என்ன வேலை என்று அருள்செல்வியின் புருஷன் தேவதாசன் கேட்டான். "இந்தியக்காரங்க கப்பல்ல டோபாஸா இருக்கேங்க" என்றான் ரெஜினோல்ட். சொல்லிவிட்டுத் தேத்தண்ணியைக் குடித்தான்.

டோபாஸ் என்றால் என்னவென்று அங்கே ஒருவருக்கும் தெரியாது. கேட்கவும் இல்லை. அதற்குத் தோட்டத்தில் ஒரு காரணம் உண்டு. தோட்டத்தில் கங்காணிக்குக் கீழே இருக்கிற வேலைகளுக்கெல்லாம் எல்லோருக்கும் விளங்குகிற தமிழ்ப் பெயர்தான். மேலே போகப்போகத்தான் கண்டக்டர், கிளாக்கர் என்று வேறு தினுசான பெயர்கள் வரும். ஆகவே, விளங்காத பெயர் என்றால் ஆபீஸ் ஸ்டாப் வேலை என்று கண்ணை மூடிக்கொண்டு முடிவு கட்டிவிட்டார்கள். மறுநாள் காலை வேலைக்குப் பேர் கொடுக்கிற பெரட்டில் தேவதாசன், மாப்பிள்ளை கப்பலில் துரைக்கு அடுத்த ஆள் என்று சொன்னான். பொழுது சாய்வதற்குள் அந்த அடுத்த ஆளும் காணாமல்போய், மாப்பிள்ளையே கப்பல் துரை ஆகிவிட்டான். தேவதாசனுக்குத் தலைகால் புரியவில்லை.

அருள்செல்வி மட்டும் அந்தக் கைகளைப் பார்த்திருந்தாள். ஒட்ட வெட்டின நகங்கள், வெடித்துக் காய்ந்த விரல் இடுக்குகள். சட்டை என்னவோ புதுசுதான். ஆனால் அது உத்தரவு போடுகிற கை இல்லை. அதைப் புருஷனிடம் சொன்னபோது, நீ உன் நிழலையே ரெண்டு தரம் திரும்பிப் பார்க்கிற ஆள் என்று சிரித்துவிட்டுப் போய்விட்டான்.

கலியாணத்துக்கு முன்னால் கோயிலில் மூன்று ஞாயிற்றுக்கிழமை ஓலை வாசிப்பார்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம், தடை ஏதாவது தெரிந்தவர்கள் சொல்லக் கடமைப்பட்டவர்கள் என்று பாதர் பூசையின் கடைசியில் அறிவிப்பார். மூன்றாம் ஓலை போய்விட்டால் பிறகு பேச்சில்லை. ஆகவே மூன்றாம் ஓலைக்கு முன்னால் இந்தப் பையன் எதை மறைக்கிறான் என்று கண்டுபிடித்தாக வேண்டும் என்று அருள்செல்வி மனதுக்குள் கங்கணம் கட்டிக்கொண்டாள். பெற்றது ஒரே பெண். அவளைப் பாழுங்கிணற்றில் தள்ளிவிட்டுப் பிறகு தலையில் கைவைத்து உட்காருவதற்கு அவள் தயாரில்லை.

முதல் ஓலை போன பின்னேரம் ரெஜினோல்ட் வந்திருந்தான். பலாமரத்தடியில் நின்று போன் பேசினான். இந்தி, தமிழ், சிங்களம் எல்லாம் கலந்த பேச்சு. அருள்செல்வி உடுப்புக் காயப்போடும் சாக்கில் காதைத் தீட்டிக்கொண்டு நின்றாள். ஸ்ராங்கு லீவைக் கூட்டித் தரமாட்டாராம். டிண்டலுக்குக் காலில் அடியாம். பிறகு குரல் குழைந்தது. "பண்டாரியத்தான் மனசு ரொம்பத் தேடுது. அந்தக் கைச்சோறு இங்க எங்க கெடைக்கப்போவுது" என்றான். அருள்செல்விக்கு எல்லாம் விளங்கிவிட்டது. ஏதோ ஒரு துறைமுகத்தில் பண்டாரி என்று ஒருத்தி இவனுக்குச் சோறு போட்டுக்கொண்டிருக்கிறாள்.

அன்றைக்கே மகள் ஸ்டெபானியைப் பிடித்து உட்கார்த்திக் கேட்டாள். ஸ்டெபானி கேகாலையில் ஒரு துணிக்கடையில் நிற்கிறவள். தாயைப்போல் இல்லாமல் எதற்கும் முதலில் சிரித்துவிடுகிற பெண். பண்டாரி என்பது கப்பல் சமையல்காரர் என்றும், அவருக்குப் பெரிய மீசையும் மூன்று பேரப்பிள்ளைகளும் உண்டென்றும் சொல்லிச் சிரித்தாள். சரி, டோபாஸ் என்றால் என்ன என்று கேட்டதும் அந்தச் சிரிப்பு நின்றது.

"அவருதான் மொத நாளே சொன்னாரேம்மா. அவருகிட்டயே கேளுங்க."

அங்கேதான் அருள்செல்விக்கு மூக்கில் வியர்த்தது. பண்டாரிக்கு மீசைவரை விளக்கம் சொல்லத் தெரிந்தவள், டோபாஸுக்கு மட்டும் ஏன் வாயை மூடுகிறாள்? ஆனால் அவனிடம் நேரில் கேட்கவும் முடியவில்லை. கேட்டால், தெரியாமலே இத்தனை நாள் தலையாட்டினது வெளியே வந்துவிடும். கப்பல் துரை என்று தேவதாசன் தோட்டம் முழுக்கப் பரப்பினதற்கு யார் பதில் சொல்வது?

இரண்டாம் ஓலை வாசித்த ஞாயிறு, பையன் வீட்டாருக்கு விருந்து. கோயிலில் பாட்டு எடுத்துக்கொடுக்கிற அனிற்றாவும் வந்திருந்தாள். யார் வீட்டில் எது நடந்தாலும் அதைப் பொடிவைத்துப் பேசுவதற்கு அவள் வந்துவிடுவாள். கோழிக்கறி இறக்கி, இலை போடப்போகிற நேரத்தில் லயத்துக்குப் பின்னாலிருந்த கக்கூஸ் சாக்கடைக் கான் அடைத்துக்கொண்டது. காலையிலிருந்து போனவர்கள் அத்தனை பேர். நாற்றம் வாசல்வரை வந்துவிட்டது.

லயத்தில் யாரும் அதில் கைவைக்க மாட்டார்கள். அது வாசக்கூட்டியின் வேலை. லயம் கூட்டி, கான் தள்ளி, கக்கூஸ் கழுவுகிற குடும்பத்துக்கு அதுதான் பெயர். பெற்றவர்கள் வைத்த பெயரைச் சொல்லி யாரும் கூப்பிடுவதில்லை. அந்தத் தோட்டத்து வாசக்கூட்டிக் குடும்பம் கொழும்புக்குப் போய் வெகுநாளாகிறது. ஆண்கள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார்கள். ஒருவர் தோட்டத்து ஆபீசுக்குப் போன் போட்டார். ஞாயிற்றுக்கிழமையில் யார் எடுப்பார்கள்? அனிற்றா சேலைத் தலைப்பை மூக்கில் வைத்துக்கொண்டு, இலை போடுகிற நேரம் பார்த்து இப்படி ஆகிவிட்டதே என்று எல்லோருக்கும் கேட்கும்படி அங்கலாய்த்தாள்.

ரெஜினோல்ட் எழுந்து வந்தான். சட்டையைக் கழற்றி வேலியில் போட்டான். தேவதாசனின் பழைய சாரமொன்றை வாங்கிக் கட்டிக்கொண்டான். காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்த்து, காற்றுக்கு முதுகைக் காட்டி நின்றான். மேலிருந்து தண்ணீரைக் கொட்டவில்லை. கீழ்க்கானை முதலில் திறந்துவிட்டு, மூங்கில் பிளாச்சை அவசரமில்லாமல் உள்ளே விட்டு விட்டு எடுத்தான். அருள்செல்வி அடுப்படிக்குள் ஓடினாள். சாம்பல் டின்னோடு வந்து கான் ஓரத்தில் வளைத்துத் தூவினாள். அவன் எட்டிப் பார்த்த இடத்தில் பலகையை எடுத்துப் போட்டாள். அவன் கையை நீட்ட, ஈர்க்கு விளக்குமாறு அந்தக் கையில் இருந்தது. மடமடவென்று கான் ஓடியது. இரண்டு பேரும் நிமிர்ந்தபோதுதான் சுற்றி நின்றவர்கள் அத்தனை பேரும் பார்த்துக்கொண்டு நிற்பது அவளுக்குத் தெரிந்தது.

"கப்பல்ல பழக்கமுங்க" என்று ரெஜினோல்ட் சொன்னான். சவர்க்காரம் கேட்டான். முழங்கைவரை கழுவினான், நகத்துக்குள்ளே, விரல் இடுக்கிலே, நிதானமாக.

அருள்செல்விக்குத் தூக்கிவாரிப் போட்டது. கைகழுவுகிற அந்த முறை அவளுக்குத் தெரியும். அவளுடைய அம்மா அப்படித்தான் கழுவுவாள்.

இதைத் தேவதாசனைத் தவிர அந்தத் தோட்டத்தில் யாரும் அறியமாட்டார்கள். அவளுடைய அம்மா நிவித்திகலப் பக்கத்துத் தோட்டமொன்றில் வாசக்கூட்டி. குடியிருந்தது லயத்தின் கடைசிக் காம்பரா. பள்ளிக்கூடம் விட்டு வந்தால் அருள்செல்வி சாம்பல் டின்னைத் தூக்கிக்கொண்டு அம்மாவுக்குப் பின்னால் போவாள். எந்த வீட்டிலாவது தேத்தண்ணி கொடுத்தால் கையில் கொடுக்கமாட்டார்கள். படிக்கட்டில் வைத்துவிட்டு ஒதுங்குவார்கள். அம்மா குனிந்து எடுத்துக்கொள்வாள். அருள்செல்விக்கு அம்மாவின் முகத்தைவிட அந்தக் குனிவுதான் நன்றாக நினைவிருக்கிறது. இரத்தினபுரி ஆஸ்பத்திரியில் தேவதாசனைச் சந்தித்து, கட்டிக்கொண்டு, இங்கே வந்தபோது, தன் ஆட்கள் பால்வெட்டுகிறவர்கள் என்று தோட்டத்து ஆட்களிடம் சொன்னாள். அன்றையிலிருந்து நிவித்திகலப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. அம்மா செத்தபோது மட்டும், அதுவும் தூரத்துச் சொந்தம் என்று சொல்லிவிட்டுத்தான் போய்வந்தாள். எல்லோரையும் அவள் சந்தேகப்பட்டதற்குக் காரணம் வேறொன்றுமில்லை. மறைக்கிறவர்களுக்குத்தான் மற்றவர்களும் மறைப்பதாகத் தோன்றும்.

இப்போது அந்தக் கடைசிக் காம்பராவிலேயே போய்த் தன் பெண் விழப்போகிறாளோ என்று அவள் பயந்தாள்.

மறுநாளே லீவு சொல்லிவிட்டுத் தெரணியகலைக்குப் பஸ் ஏறினாள். அங்கே காமில் என்பவரின் இரும்புக்கடை இருக்கிறது. இளமையில் கப்பலில் போனவர். கடைச்சுவரில் அல்லாவின் பெயருக்குப் பக்கத்தில் ஒரு கப்பல் படமும் தொங்கும். ஆணி வாங்குவதுபோல் நின்று, பக்கத்துவீட்டுப் பையனொருவன் கப்பலில் டோபாஸாம், அது என்ன வேலை என்று அருள்செல்வி கேட்டாள். கப்பலைப்பற்றி யாராவது கேட்கமாட்டார்களா என்று பல வருஷமாகக் காத்திருந்த மனுஷன். ஸ்டூலை இழுத்துப் போட்டார்.

டோபாஸுக்கு வருவதற்கு முன்னால் கப்பலையே ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டினார். ஸ்ராங்கு என்பது பாரசீகக்காரர்களின் சொல்லாம்; படைத்தலைவனுக்குச் சொல்வது; கப்பலில் அவர்தான் கங்காணி. டிண்டல் வேறு யாருமில்லை, வள்ளம் ஓட்டுகிற நம்முடைய தண்டயல்தான் வெள்ளைக்காரன் வாயில் அப்படி ஆகிவிட்டான். மாலுமி என்று தமிழில் சொல்கிறோமே, அது அரபியில் முஅல்லிம். ஓதிக்கொடுக்கிறவரும் முஅல்லிம், நட்சத்திரம் பார்த்து வழி சொன்னவரும் முஅல்லிம். "கப்பல் பாஷைல எந்தச் சொல்லும் பொறந்த ஊட்டுல இல்ல" என்றார்.

அப்போ டோபாஸ்? அதற்குத்தான் ஆட்கள் அடித்துக்கொள்கிறார்கள் என்றார். துபாஷி என்ற சொல்தான் தேய்ந்தது என்று சிலர் சொல்வார்கள். இரண்டு பாஷை தெரிந்தவன். வெள்ளைக்காரனுக்கும் ஊர்க்காரனுக்கும் நடுவில் நின்று பேசினவன். இல்லை, தொப்பி போட்டவன் என்பதிலிருந்து வந்தது என்று வேறு சிலர் சொல்வார்கள். ஒரு காலத்தில் பறங்கிக்காரன் படையில் துவக்குப் பிடித்த வேதக்கார ஆட்களுக்கு அந்தப் பெயர் இருந்ததாம். எது சரி என்று தமக்குத் தெரியாது என்றார் காமில்.

அருள்செல்விக்குப் போன உயிர் திரும்பி வந்ததுபோல் இருந்தது. இரண்டு பாஷைக்காரன். துவக்குப் பிடித்தவன். ஆனாலும் அவள் மறுபக்கத்துச் செவுளையும் திறக்கச் சொல்கிறவள் அல்லவா? இப்போது அவன் என்ன வேலை செய்கிறான் என்று கேட்டாள்.

"இப்பயா? கக்கூஸ் கழுவுற, கூட்டுற ஆள். மேல இருந்த ஆக்கள் போய்ட்டாங்க, பேரு மட்டும் எறங்கி வந்து அங்க நின்டுட்டு." காமில் ஆணியைத் தாளில் சுற்றிக் கொடுத்தார்.

வீட்டுக்கு வந்து தேவதாசனிடம் துபாஷிக் கதையை மட்டும் சொன்னாள். பிற்பாதியை மென்று விழுங்கிவிட்டாள். பாவம், அந்த மனுஷன் அதைப் பிடித்துக்கொண்டு, இரண்டு பாஷை, இரண்டு பாஷை என்று கண்ணாடி முன்னால் நின்று சொல்லிப் பார்த்தான். அனிற்றா அதற்குள் தோட்டத்தில் வேலையைத் தொடங்கியிருந்தாள். கப்பல் துரைக்குக் கான் குத்துவது நன்றாக வருகிறதே என்று பீலியடியில் தண்ணி பிடித்தவர்களிடம் சொன்னாளாம்.

சனிக்கிழமை பின்னேரம், பிள்ளைகளைத் தாய்மார் தூக்கிக்கொண்டு போன பிறகு, அருள்செல்வி ரெஜினோல்டைப் பிள்ளைக்காம்பராவுக்கு வரச் சொன்னாள். தொட்டில்கள் காலியாகத் தொங்கின. சுற்றி வளைக்காமல் தொடங்கினாள். டோபாஸ் என்றால் என்னவென்று தனக்குத் தெரியும் என்றாள். வீட்டில் எல்லோருக்கும் அது தெரியும் என்றுதான் தானும் நினைத்திருந்ததாக அவன் சொன்னான். பெண் பார்க்க வந்த அன்றைக்கே சொன்னது. யாரும் மறுபேச்சுப் பேசாததால் நல்ல மனுஷர்கள் என்று சந்தோஷப்பட்டானாம். ஸ்டெபானியிடம் அதற்கு முன்னாலேயே எல்லாம் சொல்லிவிட்டான்.

அருள்செல்வி ஒரு வழி வைத்திருந்தாள். யாராவது கேட்டால் துபாஷி என்று சொல்ல வேண்டும். பொய்யில்லை, அந்தப் பேர் அங்கிருந்துதான் வந்தது.

"வேணாங்க அத்தை" என்றான். "பேரு எங்கிருந்தோ வந்துச்சு. நான் செய்யிறது கழுவுற வேலதான். அதுக்கு வேற பேரு சொல்லிட்டு இருந்தா, நாளைக்கு யாரு கதவத் தட்டினாலும் பயப்படணும்."

அவளுக்குச் சுருக்கென்றது. அந்தக் கோபத்தில், விடிந்ததும் பாதரிடம் போய் ஓலையை நிறுத்தச் சொல்லப்போகிறேன் என்றாள். ரெஜினோல்ட் காலித் தொட்டிலொன்றின் கயிற்றைப் பிடித்துக்கொண்டான்.

"நிறுத்துறதுன்னா நிறுத்துங்க. ஆனா என் வேலைக்காக நிறுத்துறேன்னு சொல்லாதீங்க. அன்னைக்கு நான் சாம்பல் கேக்கல. கப்பல்ல மருந்துதான் ஊத்துவோம், சாம்பல் எங்க இருக்கு? நீங்களே கொண்டாந்து ஓரத்துல வளைச்சுத் தூவினீங்க. எங்க தோட்டத்து வாசக்கூட்டிப் பெரியம்மாவும் அப்படித்தான் தூவுவாங்க."

மிரட்டுகிறானா? அருள்செல்வி அவன் முகத்தைத் துருவித் துருவிப் பார்த்தாள். பிள்ளைகளின் பாசாங்கைப் பிடிக்கிற கண் அது. எவ்வளவு தேடியும் அந்த முகத்தில் ஒன்றும் அகப்படவில்லை.

"இதப்பத்தி யாருகிட்டயும் கேக்கல. ஸ்டெபானிகிட்டக்கூட" என்று சொல்லிவிட்டு அவன் படியிறங்கிப் போனான். அவளுக்கு அழுகை வந்தது. யாருமில்லாததால் நன்றாகவே அழுதாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை அவள் பாதரிடம் போகவில்லை. போய்விடுவோமோ என்று தனக்கே பயந்து, பூசை தொடங்கின பிறகுதான் கோயிலுக்குள் நுழைந்தாள். மூன்றாம் ஓலை வாசித்தார்கள். தடை தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று பாதர் நிறுத்தியபோது முன்வரிசையில் அனிற்றா திரும்பி இவளைப் பார்த்தாள். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. பாதர் தாளை மடித்து வைத்தார்.

பூசை முடிந்து முற்றத்தில் தேத்தண்ணியும் பணிஸ் ரொட்டியும் கொடுத்தார்கள். தேத்தண்ணி ஊற்றுகிற பொறுப்பு அனிற்றாவுடையது. சுற்றி ஆட்கள் கூடும்வரை பார்த்திருந்துவிட்டு, விருந்தன்றையிலிருந்து ஒன்று கேட்க வேண்டும் என்று நினைத்ததாகவும், மாப்பிள்ளை பார்க்கிற அந்த டோபாஸ் வேலை என்ன வேலை என்றும் இனிக்க இனிக்கக் கேட்டாள். தேவதாசன் தொண்டையைச் செருமிக்கொண்டு, அது வந்து, இரண்டு பாஷை என்று ஆரம்பித்தான். அருள்செல்வி அவன் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"கக்கூஸ் கழுவுற வேல" என்றாள். குரல் நடுங்கியது, நடுங்கட்டும் என்று விட்டுவிட்டாள். "எங்கம்மாவும் அதே வேலதான் செஞ்சாங்க. நிவித்திகலயில வாசக்கூட்டி. நான்தான் சாம்பல் டின் தூக்குவேன்."

தேவதாசன் தலையைக் குனிந்துகொண்டான். ஸ்டெபானி அம்மாவை அன்றைக்குத்தான் முதல்முதலாகப் பார்ப்பதுபோல் பார்த்தாள். ரெஜினோல்ட் கிட்டே வரவில்லை. நின்ற இடத்திலேயே நின்றான். அனிற்றாவின் கையில் ஊற்றின கோப்பையொன்று இருந்தது. அருள்செல்விக்கு நீட்ட வேண்டிய கோப்பை. அனிற்றா அதைப் பார்த்தாள், அருள்செல்வியைப் பார்த்தாள், பிறகு பக்கத்திலிருந்த வாங்குப் பலகையின் ஓரத்தில் வைத்துவிட்டுக் கையை எடுத்துக்கொண்டாள்.

எடுக்க வேண்டுமென்றால் குனிய வேண்டும். அருள்செல்வி குனியவில்லை. கையை நீட்டியபடி நின்றாள்.

"கையில குடு, அனிற்றா."

நீட்டின கையை அவள் இறக்கவில்லை. பிறகு அனிற்றா கோப்பையை எடுத்து அவள் கையில் கொடுத்தாள். தேத்தண்ணி ஆறியிருந்தது. அருள்செல்வி அதை அங்கேயே நின்று கடைசிச் சொட்டுவரை குடித்தாள்.